தேனீக்களின் வீட்டைத் திறந்தவர்

குளிர்காலத்தில் தில்லியிலிருந்து அரியானாவின் சிற்றூர்களுக்கோ இராசத்தானுக்கோ சாலை வழியே செல்வோர் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பர். கண்ணுக்கெட்டிய தொலைவு வரை கடுகுப் பூக்கள் மஞ்சள் நிறமாய் விரிந்து கிடக்கும். வயலின் வரப்பை ஒட்டி மரப்பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். அருகே சென்று உற்றுக் கேட்டால் ஓர் இடையறாத ரீங்காரம் எழும். அவை தேன்பெட்டிகள். கடுகு பூத்து ஓய்ந்ததும் அப்பெட்டிகளை இரவோடு இரவாக லாரியில் ஏற்றி, வேறு பூக்கள் மலரும் நிலத்திற்குக் கொண்டு செல்வர். பிழைப்பைத் தேடிக் குடும்பத்தோடு இடம்பெயரும் மனிதரைப் போலவே அத்தேனீக்களும் ராணி, குஞ்சு, சேமிப்பு அனைத்துடனும் ஊர் மாறுகின்றன.

இவ்வாறு ஒரு கூட்டையே திறந்து பார்க்கவும், மூடவும், தூக்கிச் செல்லவும் இயலும் என்பது இன்று வியப்பாகத் தோன்றுவதில்லை. ஆனால் 200 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தேனீ வளர்த்தவர்களுள் பெரும்பாலோர் தம் தேனீக்களின் வீட்டிற்குள் என்ன நடக்கிறது என்பதைக் கண்டதே இல்லை. அந்த வீட்டைத் தீங்கின்றித் திறக்க வழி கண்டவர் லொரென்சோ லொரெய்ன் லாங்ஸ்ட்ராத். அவர் தச்சரும் அல்லர், உழவரும் அல்லர். ஆசிரியராகவும் திருச்சபைப் போதகராகவும் வாழ்ந்தவர். தேனீ வளர்ப்பை அவர் தொடங்கியது பொழுதுபோக்காகத்தான்.

லாங்ஸ்ட்ராத் 1810ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிறந்தார். சிறுவயது முதலே பூச்சிகளின்மீது அவருக்குத் தீராத ஆர்வம் இருந்தது. சரளைக்கல் பாதையில் மண்டியிட்டு எறும்புகள் செல்லும் வழியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். மண்டியிட்டு மண்டியிட்டுக் காற்சட்டையின் முழங்காற் பகுதி கிழிந்துபோயிற்று. அதற்காக வீட்டில் அடியும் வாங்கினார். எறும்பைப் பார்ப்பதும் ஒருவகைக் கல்வியே என்று அக்காலத்துப் பெற்றோர் எண்ணவில்லை. எக்காலத்துப் பெற்றோரும் அவ்வளவு எளிதில் எண்ணிவிடுவதில்லை.

யேல் கல்லூரியில் பயின்று 1831இல் பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் அங்கேயே கணிதம் கற்பித்தார். 1836இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆண்டோவர் என்னும் ஊரில் போதகரானார். அவ்வாண்டிலேயே திருமணமும் நடந்தது. மனைவி அன்னா மரியா டக்கர். எறும்பும் பூச்சியும் படிப்பிற்கும் பணிக்கும் இடையே மறைந்துபோயின.

1838ஆம் ஆண்டுக் கோடைக்காலத்தில் அவர் ஒரு நண்பரின் இல்லத்திற்குச் சென்றார். மேசையின்மீது ஒரு கண்ணாடிக் குடுவை இருந்தது. அதன் உள்ளே தேனீக்களே கட்டிய வெண்மையான தேனடை நிறைந்திருந்தது. வெளிச்சம் பட்டு ஒளிர்ந்த அதைக் கண்டதும் லாங்ஸ்ட்ராத் மெய்ம்மறந்து நின்றார். அத்தேன் எங்கிருந்து வந்தது என்று வினவ, நண்பர் அவரை வீட்டின் மேல்தளத்திற்கு அழைத்துச் சென்று தாம் வளர்க்கும் தேனீக்களைக் காட்டினார். எறும்புகளைப் பார்த்த பழைய சிறுவன் அவருள் மீண்டும் விழித்துக்கொண்டான். அன்று மாலை வீடு திரும்புவதற்குள் இரண்டு தேனீக் குடும்பங்களை விலைக்கு வாங்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது 27.

வாங்கினாரேயன்றி, தேனீக்களைப் பற்றி அவர் அறிந்திருந்தது மிகக் குறைவு. உரோமானியக் கவிஞர் வெர்ஜில் தேனீக்களைப் பாடிய நெடும்பாட்டை இலத்தீன் மொழியில் படித்திருந்தார். கூட்டத்தை ஆள்வது ஓர் அரசன் என்றே வெர்ஜில் கருதினார். பிற்காலத்தவர் ஒருவர் எழுதிய நூலையும் படித்திருந்தார்; ராணித் தேனீ என ஒன்று உண்டா என்பதையே அந்நூலாசிரியர் ஐயுற்றார். இவ்விரண்டு நூல்களையும் துணையாகக் கொண்டு தேனீ வளர்க்கத் தொடங்கியவரின் நிலை எவ்வாறு இருந்திருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

அவர் வாங்கிய பெட்டிகள் அக்காலத்து வழக்கப்படி செய்யப்பட்டவை. நான்கு பக்கமும் பலகை அறைந்து மூடிய வெறும் பெட்டிகள். தேனீக்கள் உள்ளே நுழைந்து, மேற்பலகையிலும் பக்கப் பலகையிலும் தம் விருப்பம்போல் அடைகளைக் கட்டும். கட்டியபின் உள்ளே எதையும் அசைக்க இயலாது. ராணி நலமாக இருக்கிறதா, முட்டையிடுகிறதா, மெழுகை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழு புகுந்துவிட்டதா, வரப்போகும் பனிக்காலத்திற்குப் போதிய தேன் இருக்கிறதா என்பவற்றை வெளியிலிருந்தே ஊகிக்க வேண்டும். பெட்டியைத் தூக்கிப் பார்த்து எடையால் மதிப்பிடுவர். காதை வைத்து ஒலியால் மதிப்பிடுவர். ஊகம் தவறினால் பனி உருகும் காலத்தில் பெட்டி அமைதியாக இருக்கும்.

தேன் எடுக்கும் முறை அதைவிடக் கொடியது. இலையுதிர்காலத்தில் மிகக் கனமான பெட்டிகளையும் மிக இலேசான பெட்டிகளையும் பிரித்தெடுப்பர். கனமானதில் தேன் மிகுதி. இலேசானது எப்படியும் பனிக்காலத்தைக் கடவாது. தரையில் குழி தோண்டி, அதில் கந்தகத்தைக் கொளுத்தி, அதன்மேல் கூட்டை வைப்பர். சிறிது நேரத்தில் தேனீக்கள் அனைத்தும் மடிந்து விழும். பின்னர் அடைகளை வெட்டி எடுப்பர். கோடை முழுதும் உழைத்த குடும்பத்திற்கு அதுவே கிடைத்த கூலி. இதைத் தவிர்க்க வேண்டும் என எண்ணியவர் பலர் இருந்தனர். வழி கண்டவர் சிலரே.

லாங்ஸ்ட்ராத் மேலும் நூல்களைத் தேடினார். அவற்றுள் பிரான்சுவா ஊபர் என்பாரின் ஆய்வு அவரைப் பெரிதும் கவர்ந்தது. ஜெனீவாவைச் சேர்ந்த ஊபர் இளமையிலேயே கண்பார்வையை இழந்தவர். பிரான்சுவா பர்னன்ஸ் என்னும் பணியாளர் கண்டு சொல்ல, தம் அறிவால் தேனீக்களின் வாழ்வை ஆராய்ந்தவர். புத்தகத்தின் தாள்களைப் போல ஒவ்வொன்றாகத் திறக்கும் சட்டங்களைக் கொண்ட ஒரு கூட்டையும் அவர் அமைத்திருந்தார். லாங்ஸ்ட்ராத் அதைப் போன்ற கூட்டைச் செய்து பார்த்தார். ஆராய்ச்சிக்கு அது நன்று. நாள்தோறும் கையாளுவதற்கு ஏற்றதன்று. மூடும்போது தேனீக்கள் இடையில் நசுங்கின. ஆயினும் ஒன்றை அவர் தெளிவாக உணர்ந்தார். மெதுவாகவும் அஞ்சாமலும் கையாண்டால், தம் வீடு திறக்கப்படுவதைத் தேனீக்கள் பொறுத்துக்கொள்கின்றன.

இதற்கிடையே அவருடைய வாழ்க்கை ஓரிடத்தில் நிலைக்கவில்லை. ஆண்டோவரிலிருந்து கிரீன்ஃபீல்டு, அங்கும் ஆசிரியப் பணி, போதகப் பணி. 1848இல் பிலடெல்பியாவுக்குத் திரும்பி, இளம்பெண்களுக்கான பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இம்மாற்றங்களுக்குப் பின்னே ஒரு துன்பம் இருந்தது. மாணவப் பருவம் முதலே கடும் மனச்சோர்வு நோய் அவரை அவ்வப்போது தாக்கியது. நோய் வந்தால் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், பேசவும் எழுதவும் இயலாதவராகிவிடுவார். அக்காலத்தில் அந்நோய்க்கு மருந்தில்லை. அதை நோயென்று புரிந்துகொண்டவரும் சிலரே. திறந்த வெளியில் தேனீக்களோடு செலவிட்ட பொழுதுகள் அவருக்கு ஆறுதலாக இருந்தன. பொழுதுபோக்காக வந்த தேனீக்கள் அவர் வாழ்வின் ஊன்றுகோலாயின.

பிலடெல்பியாவில் அவர் பயன்படுத்திய பெட்டிகளில் அடைகள் மேலே வரிசையாக வைத்த மரச்சட்டங்களிலிருந்து தொங்கின. அதன்மேல் ஒரு மூடிப்பலகை. தேனீக்கள் சிறு சந்துகளையெல்லாம் மரப்பிசினால் அடைத்துவிடும் இயல்புடையவை. ஆதலால் மூடியைச் சட்டங்களோடு ஒட்டிவிட்டன. ஒவ்வொரு முறையும் அதை நெம்பி எடுக்க வேண்டியிருந்தது. நெம்பும் அதிர்ச்சியில் தேனீக்கள் சினங்கொண்டன. லாங்ஸ்ட்ராத் சட்டங்களைச் சற்றே கீழிறக்கி வைத்து, மூடிக்கும் சட்டங்களுக்கும் இடையே ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு வெற்றிடம் விட்டார். அஃதாவது ஒரு சுண்டுவிரலைவிடச் சிறிய இடைவெளி. தேனீக்கள் அதைப் பிசினால் அடைக்கவில்லை. அதில் அடையும் கட்டவில்லை. தாம் நடமாடும் பாதையாக அதை அப்படியே விட்டுவிட்டன. மூடி எளிதாகக் கழன்றது.

பாதிச் சிக்கல் தீர்ந்தது. மறுபாதி எஞ்சியது. அடைகளின் ஓரங்களைத் தேனீக்கள் பக்கப் பலகைகளோடு ஒட்டியே கட்டின. ஓர் அடையை வெளியே எடுக்க வேண்டுமெனில், கத்தியால் இருபுறமும் அறுக்க வேண்டும். தேன் ஒழுகும், தேனீக்கள் மடியும், கொட்டும்.

1851ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள். நகரிலிருந்து ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவில் இருந்த தம் தேனீப் பண்ணையிலிருந்து மாலைப் பொழுதில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். அறுக்காமல் அடையை எடுப்பது எவ்வாறு என்னும் அதே சிந்தனை. பலமுறை எண்ணிய பழைய வினாவிற்கு அன்று விடை தோன்றியது. மூடிக்குக் கீழே விட்ட அதே இடைவெளியைப் பக்கங்களிலும் விட்டால் என்ன? மேற்சட்டத்தை மட்டும் தொங்கவிடாமல், நான்கு புறமும் கொண்ட முழுச் சட்டமாகச் செய்து, அதைப் பெட்டியின் சுவரைத் தொடாதவாறு தொங்கவிட்டால், தேனீக்கள் சட்டத்திற்குள் மட்டுமே அடை கட்டும். சுவருக்கும் சட்டத்திற்கும் இடையே உள்ள வெற்றிடத்தைப் பாதையாக விட்டுவிடும். பிறகு அந்த அடையை, அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுப்பதுபோல மேலே உருவி எடுக்கலாம். பார்த்துவிட்டு மீண்டும் வைக்கலாம். நடுத்தெரு என்பதையும் மறந்து, குளியல் தொட்டியிலிருந்து எழுந்தோடிய ஆர்க்கிமிடிசைப் போலக் கூவிவிடத் தோன்றியதாம் அவருக்கு. போதகர் ஆதலால் அடக்கிக்கொண்டார் போலும்.

அந்த வெற்றிடத்திற்குத் தேனீ இடைவெளி என்று பெயர். அதன் அளவு ஏறத்தாழ 6 முதல் 9 மில்லிமீட்டர். அதைவிடக் குறைந்தால் தேனீக்கள் பிசினால் அடைத்துவிடும். கூடினால் அங்கே அடை கட்டிவிடும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவாயின் நடந்து செல்லும் வழியாகக் கொள்ளும். தேனீக்கள் மரப்பொந்துகளில் வாழ்ந்த காலந்தொட்டு இவ்வளவைப் பின்பற்றி வந்திருக்கின்றன. ஐரோப்பாவில் வேறு சிலர் இதை நெருங்கி வந்திருந்தனர். பெட்டியின் எல்லாப் பக்கங்களிலும் இவ்வளவைப் பொருத்தி, எவரும் கையாளத்தக்க கூடாக ஆக்கியது லாங்ஸ்ட்ராத்தின் பெருமை.

அதன்பின் வேலை விரைந்தது. பிலடெல்பியாவில் வாழ்ந்த ஹென்றி போர்க்கின் என்னும் மரவேலைக் கலைஞர் புதிய பெட்டிகளைச் செய்து தந்தார். 1852ஆம் ஆண்டிற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டிகள் உருவாயின. அவ்வாண்டு அக்டோபர் 5ஆம் நாள் 9,300 என்னும் எண்ணில் காப்புரிமை வழங்கப்பட்டது. ஆனால் அந்த வெற்றியின் நடுவிலேயே நோய் மீண்டும் தாக்கியது. பள்ளியை விட்டுவிட்டு, கிரீன்ஃபீல்டுக்குத் திரும்பினார்.

அங்கே அவர் தம் நூலை எழுதினார். எழுதியதை அச்சுக்கேற்ற படியாக எழுதித் தந்தவர் மனைவி அன்னா. 1853இல் வெளிவந்த அந்நூல் தேன்கூட்டையும் தேனீயையும் பற்றிய முழுமையான வழிகாட்டி. புதிதாகத் தொடங்குவோருக்கு அதில் பல அறிவுரைகள் உண்டு. தொடக்கத்தில் சில பெட்டிகளே போதும் என்கிறார். இரண்டு பெட்டிகளோடு தொடங்கியவர் அல்லவா! வயிறு நிறையத் தேனுண்ட தேனீ தானாகச் சென்று கொட்டுவதில்லை என்பது அவர் கண்ட உண்மை. அதனால் பெட்டியைத் திறக்குமுன் சிறிது புகை காட்டலாம். புகையை உணர்ந்த தேனீக்கள் விரைந்து தேனை உண்ணும், பின் சாந்தமாகும். சர்க்கரை கலந்த நீரைத் தெளித்தும் அவற்றை அமைதிப்படுத்தலாம். கைகளை வெடுக்கென அசைக்கலாகாது. தேனீக்களின்மேல் மூச்சு படலாகாது. குடும்பத்தை எப்போதும் வலுவாக வைத்திருக்க வேண்டும். வலுவிழந்த கூட்டையே அந்துப்பூச்சியும் கொள்ளையிடும் அயல்தேனீக்களும் நாடி வரும்.

புதிய பெட்டியால் விளைந்த நன்மைக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். முன்பெல்லாம் ராணி இறந்துபோனால் வளர்ப்பவருக்குத் தெரியாது. நாளடைவில் தேனீக்கள் குறைந்து, கூடு வெறுமையாகும். இப்போதோ சட்டத்தை எடுத்துப் பார்த்தால், அறைகளில் முட்டையில்லை என்பது தெரிந்துவிடும். உடனே வேறொரு பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள ஒரு சட்டத்தை எடுத்து இப்பெட்டியில் வைக்கலாம். தேனீக்கள் ஓர் இளம்புழுவைத் தேர்ந்து, அதன் அறையைப் பெரிதாக்கி, சிறப்புணவு ஊட்டி வளர்க்கும். முட்டையிட்ட நாளிலிருந்து 16ஆம் நாளில் ஒரு ராணி வெளிவரும். அழியவிருந்த குடும்பம் பிழைத்துக்கொள்ளும். தேன் எடுப்பதற்காக எந்தக் கூட்டையும் கொல்ல வேண்டிய தேவையும் நீங்கியது.

இத்தனைக்கும் அவருக்குப் பொருள் சேரவில்லை. பெட்டியின் சிறப்பு ஓர் இடைவெளியில் இருந்தது. அதை அறிந்துகொண்டால் அளவுகோலும் இழைப்புளியும் உள்ள எவரும் செய்துகொள்ளலாம். காப்புரிமையைப் பொருட்படுத்தாமல் பலர் செய்தனர். சிறு மாற்றங்களைப் புகுத்தித் தம் கண்டுபிடிப்பென விற்றோரும் உண்டு. வழக்குகள் அவருடைய பணத்தையும் உடல்நலத்தையும் தின்றன. உலகம் முழுதும் அவருடைய பெட்டியால் தேன் பெருகியது. அவருடைய வீட்டில் கடனே பெருகியது. இதில் நியாயம் எங்கே என்று கேட்டால் விடையில்லை.

1858இல் ஒகையோ மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு என்னும் சிற்றூரில் குடியேறினார். வீட்டைச் சுற்றித் தேன் தரும் மரங்களையும் செடிகளையும் நட்டார். மகன் ஜேம்சுடன் சேர்ந்து இத்தாலியத் தேனீயின் ராணிகளை வளர்த்து விற்றார். சாந்த குணமும் மிகுந்த உழைப்பும் உடைய அவ்வினம் அமெரிக்காவில் பரவியதில் அவ்விருவருக்கும் பங்குண்டு. இன்று வட இந்தியக் கடுகு வயல்களில் பெட்டிகளுக்குள் வாழ்வதும் அந்த இத்தாலியத் தேனீயே.

தமிழ்நாட்டின் பொந்துகளில் வாழும் இந்தியத் தேனீ உருவில் சிறியது. அதன் குடும்பமும் சிறியது. 10 பெரிய சட்டங்களைக் கொண்ட லாங்ஸ்ட்ராத் பெட்டி அதற்கு ஆளில்லாத மாளிகை போன்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிய நியூட்டன் என்னும் பாதிரியார், இதே கருத்தைக் கொண்டு, நம் தேனீக்கேற்ற சிறிய பெட்டியை வடிவமைத்தார். 1911 முதல் 1917 வரை சிற்றூர் மக்கள் பலருக்கு அதைக் கையாளும் பயிற்சியும் அளித்தார். நியூட்டன் பெட்டி எனத் தென்னிந்தியாவில் வழங்குவது அதுவே. ஆப்பிள் விழக் கண்ட நியூட்டனுக்கும் இப்பெட்டிக்கும் தொடர்பில்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் லாங்ஸ்ட்ராத்தின் பிற்காலம் துயரம் மிகுந்தது. 1870இல் மகன் ஜேம்ஸ் இறந்தார். 1873இல் மனைவி அன்னாவும் மறைந்தார். நோய் முன்னினும் அடிக்கடி வந்தது. வந்த காலங்களில், எந்தத் தேனீக்கள் அவரைத் தேற்றினவோ அவற்றையே காணப் பொறுக்கமாட்டார். தேனீ பற்றிய நூல்களைக் கண்ணுக்கு மறைவாக வைத்துவிடுவார். நோய் நீங்கியதும், நெடும்பயணம் முடித்து வந்தவரைப் போலப் பெட்டிகளிடம் திரும்புவார்; நண்பர்களுக்குக் கடிதங்கள் எழுதுவார்; எஞ்சியிருந்த ஐயங்களை மீண்டும் ஆராய்வார். தம் நூலைப் புதுப்பிக்கும் வலிமை அவரிடம் இல்லை. பிரான்சிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய சார்லஸ் டாடண்ட் என்னும் தேனீ வளர்ப்பாளரும் அவர் மகனும் 1880களின் இறுதியில் அதைத் திருத்தி வெளியிட்டனர்.

1887இல் மகளின் குடும்பத்தோடு டேட்டன் நகருக்குச் சென்றார். 1895ஆம் ஆண்டு செப்டம்பரில் கனடாவின் டொரண்டோ நகரில் தேனீ வளர்ப்போர் மாநாடு நடைபெற்றது. 84 வயது முதியவர் அங்கே வந்தபோது, அவருடைய பெட்டியால் வாழ்வு பெற்ற பலர் அவரை நேரில் கண்டனர்.

அடுத்த மாதம் 6ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. டேட்டன் நகரின் ஒரு தேவாலயத்தில் அவரைப் பேச அழைத்திருந்தனர். இறைவனின் அன்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார். சில சொற்களே பேசியிருப்பார். அங்கேயே அவர் உயிர் பிரிந்தது.